புள்ளி உதிராமல் எழுத்து வெட்டுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

காகிதத்தில் எழுத்து வெட்டுவது பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே. ஒரே சிக்கலைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அட்டையில் ‘வாழ்த்துகள்’ என்று எழுதி, எழுத்துகளை ஓட்டையாக வெட்டினேன். பின்னால் வண்ணக் காகிதம் வைத்தால் எழுத்து அந்த நிறத்தில் தெரியும் என்பது திட்டம். ஆனால் வெட்டி முடித்ததும் க, த எல்லாவற்றிலும் உள்வட்டம் உதிர்ந்து, வெறும் பொத்தலாக நிற்கிறது. என்ன தவறு?

பதில்: கத்தியில் தவறில்லை, வரைபடத்தில்தான். எழுத்து வெட்ட இரண்டு வழிகள் உண்டு. எழுத்தையே தனித் துண்டாக வெட்டி எடுத்து இன்னொரு தாளில் ஒட்டுவது ஒன்று. எழுத்தின் உருவத்தில் தாளை ஓட்டையாக்குவது மற்றொன்று. இரண்டிலும் ஏதோ ஒன்று உதிரும். எது உதிரும் என்பதைப் பென்சில் பிடிக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

உங்கள் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஓட்டையாக வெட்டினால் வ, ழ, த, து, க, ள ஆகிய ஆறிலும் கோட்டால் முழுக்கச் சூழப்பட்ட உள்வெளி இருக்கிறது. சுற்றிலும் வெட்டியதும் அந்த உள்வெளி பிடிமானம் இல்லாத தீவாகிவிடும். குறைந்தது ஆறு தீவுகள். எழுத்துரு சுழி அதிகமுள்ளதாக இருந்தால் இன்னும் கூடும். புள்ளிகளால் தொந்தரவே இல்லை. அவை மூன்றும் மூன்று சிறு துளைகள், அவ்வளவுதான். இதையே தனித் துண்டுகளாக வெட்டினால் நிலைமை தலைகீழ். தீவு உதிர்ந்தால் உதிரட்டும், உதிரத்தான் வேண்டும். ஆனால் வ, கால், ழ, புள்ளி, த, புள்ளி, து, க, ள, புள்ளி என்று பத்துத் தனித் துண்டுகள் கைக்கு வரும்.

ஓட்டை வெட்டுக்குத் தீர்வு பாலம். தீவையும் வெளித்தாளையும் இணைக்க, எழுத்தின் கோட்டைக் குறுக்கே கடக்கும் சிறு பட்டையை வெட்டாமல் விடுவதுதான் பாலம். 40 மி.மீ. உயர எழுத்துக்கு, 200 ஜி.எஸ்.எம். அட்டையில் 1.5 முதல் 2 மி.மீ. அகலம் போதும். 120 ஜி.எஸ்.எம். தாளானால் 2.5 மி.மீ. விடுங்கள். தீவு 10 மி.மீ.க்கு மேல் அகலமாக இருந்தால் ஒரு பாலம் போதாது. ஒற்றைப் பாலத்தில் தொங்கும் தீவு கதவுபோல ஆடும், பசை தடவும்போது திரும்பிக்கொள்ளும். எதிரெதிரே இரண்டு பாலம் வையுங்கள்.

பாலத்தை எங்கே வைப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. ஓர் எழுத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் இடத்தில் பாலம் வரவே கூடாது. க, ச, த மூன்றுக்கும் இடப்பக்க வளைவு ஏறக்குறைய ஒன்றுதான். வலப்பக்கமும் அடிப்பக்கமும்தான் அவற்றை வேறுபடுத்துகின்றன. எனவே பாலம் இடப்பக்க வளைவில் வரட்டும், வலப்பக்கத்தைத் தொடாதீர்கள். ழ-வின் வால் துண்டுபட்டால் படிப்பவர் தடுமாறுவார். அதன் பாலத்தை மேல் வளைவில் வையுங்கள். ம-வுக்கும் அதே இடம் பொருந்தும்.

இன்னொன்று: ஒரு சொல்லில் உள்ள எல்லாப் பாலங்களும் ஒரே திசையில் இருக்கட்டும். எல்லாம் செங்குத்தாக, அல்லது எல்லாம் ஒரே சாய்வில். ஒவ்வோர் எழுத்துக்கும் வசதியான இடத்தில் ஒவ்வொரு திசையில் வைத்தால், வெட்டத் தெரியாமல் விட்டதுபோல் இருக்கும். ஒரே சாய்வில் போனால் அதுவே ஓர் அலங்காரம். பாலத்தின் இரு முனையிலும் கூர்மூலை விடாமல் சற்று உருட்டி வெட்டுங்கள். காகிதம் கிழியத் தொடங்குவது கூர்மூலையிலிருந்துதான்.

பாலமே பிடிக்காது என்றால் தீவுகளைப் பத்திரப்படுத்திப் பின்தாளில் ஒட்டலாம். சரியான இடத்தில் ஒட்ட எளிய வழி இது: ஓட்டைத் தாளைப் பின்தாளில் ஒட்டிவிட்டு, வெட்டி எடுத்த எழுத்துத் துண்டை மீண்டும் அதே ஓட்டையில் பசையில்லாமல் பொருத்துங்கள். இப்போது எழுத்தின் உள்வெளி சரியான இடத்தில் திறந்திருக்கும். தீவுக்குப் பசை தொட்டு அதில் வைத்து அழுத்திவிட்டு, எழுத்துத் துண்டை மட்டும் ஊசியால் நெம்பி எடுத்துவிடுங்கள். இதற்காகவே, வெட்டி எடுத்த எழுத்துகளை வேலை முடியும்வரை குப்பையில் போடக் கூடாது.

கேள்வி: நான் எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டித்தான் ஒட்டுகிறேன். புள்ளிகளும் கால்களும் தொலைந்துபோகின்றன. ஒட்டினாலும் புள்ளி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் இருக்கிறது.

பதில்: புள்ளியைக் கத்தியால் வெட்டுவதையே விட்டுவிடுங்கள். 6 மி.மீ. வட்டத்தைக் கையால் ஒழுங்காக வெட்டுவது தேர்ந்தவர்களுக்கும் எளிதில்லை. அலுவலகங்களில் கோப்புக்குத் துளையிடும் பஞ்ச் இருக்கிறதே, அதன் துளை சுமார் 6 மி.மீ. அதில் விழும் வட்டங்கள்தான் உங்கள் புள்ளிகள். அதற்கேற்ப எழுத்தின் கோட்டு அகலத்தையும் 6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் புள்ளியும் கோடும் ஒரே கனமாகத் தெரியும். அந்தக் கோட்டுக்கு 40 முதல் 45 மி.மீ. எழுத்துயரம் பொருந்தும். எழுத்து அதைவிடச் சிறிதென்றால் 3 மி.மீ. பஞ்ச் தேடுங்கள்.

தனித் துண்டுகளை ஒரே துண்டாக்க வேண்டுமானால் நிழல் அடுக்கு போடலாம். எழுத்தின் வெளிக்கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் 3 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு வரைந்து, அடர்நிறத் தாளில் அதை வெட்டுங்கள். இரண்டு துண்டுகளுக்கு இடையே 4 மி.மீ. இடைவெளி இருந்தால், இருபுறமும் 3 மி.மீ. வளரும் நிழல்கள் 2 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சேர்ந்துகொள்ளும். இடைவெளி சரியாக 6 மி.மீ. ஆனால் வெறுமனே முட்டி நிற்கும், தூக்கும்போது அறுந்துவிடும். எனவே புள்ளி, கால், கொம்பு எதையும் எழுத்திலிருந்து 4 மி.மீ.க்கு மேல் தள்ளி வைக்காதீர்கள். இப்படிச் செய்தால் முழுச்சொல்லும் ஒரே தாளில் நிற்கும். மேலே ஒட்ட வேண்டிய துண்டுகளுக்கு அதுவே இடமும் காட்டும்.

பழைய அச்சுப் புத்தகங்களைப் பார்ப்பவர்கள் இன்னொரு வழியையும் சோதிக்கலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ணா, றா, னா மூன்றும் காலோடு பிணைந்த ஒற்றை வடிவங்கள். ணை, லை, ளை, னை நான்குக்கும் ஐகாரக் குறி எழுத்தோடு ஒட்டிய கொம்பாக வந்தது. படிப்பதற்கு இன்று பழகாத வடிவங்கள்தான். ஆனால் வெட்டுபவருக்கு ஒவ்வொன்றிலும் ஒரு தனித் துண்டு குறையும். பழமைத் தோற்றம் பொருந்தும் வடிவமைப்பில் தாராளமாகப் பயன்படுத்தலாம். சிறுவர்களுக்கான அட்டையில் வேண்டாம்.

கேள்வி: வளைவுகள் வளைவாக வருவதில்லை. ண வெட்டினால் பல கோணங்கள் கொண்ட கல் மாதிரி இருக்கிறது. விளிம்பில் நார் வேறு எழும்புகிறது.

பதில்: கோணம் வருவதற்குக் காரணம் கத்தியைத் திருப்புவது. திரும்ப வேண்டியது தாள். கத்தி பிடித்த கை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க, மற்றக் கை தாளை மெதுவாகச் சுழற்ற வேண்டும். அதற்காக கட்டிங் மேட்டின் மேல் தாளை டேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள். பெரிய தாளானால் வளைவுப் பகுதியைச் சுற்றித் தோராயமாக வெட்டி, கைக்கு அடக்கமான துண்டாக்கிக்கொள்ளுங்கள்.

பிளேடு 11ஆம் எண் இருக்கட்டும். நுனி நீண்டு கூர்மையாக இருப்பது. ஒடித்துக்கொள்ளும் வகைக் கட்டர்தான் கையில் இருக்கிறது என்றால், 9 மி.மீ. அகலத்தில் 30 டிகிரி நுனி உள்ள பிளேடு கேட்டு வாங்குங்கள். வழக்கமான 60 டிகிரி நுனி நேர்கோட்டுக்குச் சரி. சுழிக்குள் அது திரும்பாது. இறுக்கமான வளைவில் கத்தியை நிமிர்த்திப் பிடித்தால் நுனி மட்டும் தாளில் இருக்கும், திரும்புவது எளிது. நீளமான வளைவில் சாய்த்துப் பிடித்தால் கோடு வழவழப்பாக வரும்.

ஒரே அழுத்தில் 200 ஜி.எஸ்.எம். அட்டையை அறுக்க முயலாதீர்கள். முதல் ஓட்டத்தில் தடம், இரண்டாவதில் அறுப்பு. 300 ஜி.எஸ்.எம். என்றால் மூன்று ஓட்டம். அழுத்தினால் நுனி கட்டிங் மேட்டில் புதைந்து, திரும்ப மறுக்கும். அப்போது கை வலுக்கட்டாயமாகத் திருப்பும். அங்கேதான் அந்தக் கோணம் விழுகிறது.

நார் எழும்புவது மழுங்கிய பிளேடின் அடையாளம். 11ஆம் எண்ணில் முதலில் ஒடிவது கடைசி அரை மில்லிமீட்டர் நுனி. கண்ணுக்குத் தெரியாது, தாளில் தெரியும். மூலைகளில் இழை நின்றாலும், வெட்டும்போது தாள் கூடவே இழுபட்டாலும் உடனே மாற்றிவிடுங்கள். ண-வுக்கு மூன்று சுழி. அவற்றுக்கு நடுவே வரும் காகித நாக்குகள் மெல்லியவை. மழுங்கிய கத்தி அவற்றில் ஒன்றைக் கிழித்தால் ண ன-வாகிவிடும். எழுத்தே மாறிவிட்ட கதை. எனவே ண, ன உள்ள சொற்களைப் புதுப் பிளேடில் முதலில் வெட்டிவிடுங்கள். கழற்றிய பிளேடை டேப்பில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

வெட்டும் வரிசைக்கும் பங்குண்டு. சிறிய உள்வெளிகள் முதலில், பெரியவை அடுத்து, வெளிக்கோடு கடைசி. வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால், ஆட்டம் கண்ட சிறு துண்டுக்குள் சுழி வெட்ட வேண்டியிருக்கும். மூலைகளில் கத்தி நுனியை மூலையிலேயே குத்தி, அங்கிருந்து வெளிநோக்கி இழுங்கள். இரு பக்கத்தையும் இப்படியே. மூலையை நோக்கி இழுத்தால் கத்தி தாண்டிப்போகும், ஓட்டை வெட்டில் அந்தக் கீறல் அப்படியே தெரியும்.

கேள்வி: கத்தரிக்கோலால் வெட்ட முடியாதா?

பதில்: தனித் துண்டு வெட்டின் வெளிக்கோட்டுக்கு முடியும். ட, ப, ய, ர, ற போல மூடிய உள்வெளி இல்லாத எழுத்துகளை முழுவதுமாகவே கத்தரிக்கலாம். நுனி மெலிந்த சிறு கத்தரி எடுங்கள். கத்தரி நிற்க, தாள் சுழல வேண்டும். ம, க போன்றவற்றின் உள்வெளிக்குக் கத்திதான். ஓட்டை வெட்டில் கத்தரிக்கு வேலையே இல்லை.

கேள்வி: வரைந்த கோடு வெட்டிய பிறகும் தெரிகிறது. அழித்தால் தாள் அழுக்காகிறது. எழுத்தை எப்படித்தான் தாளில் ஏற்றுவது?

பதில்: பின்பக்கம் வரைந்து பின்பக்கமே வெட்டுங்கள்; முன்பக்கம் சுத்தமாக இருக்கும். ஒரே நிபந்தனை, எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திரும்பியிருக்க வேண்டும். டிரேசிங் தாளில் நேராக எழுதி, அதைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில் பதித்தால் தானாகவே திரும்பிவிடும். வெட்டத் தொடங்குமுன் டிரேசிங் தாளை வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை படித்துப் பாருங்கள். தமிழில் ப, ய, ம போன்றவை திரும்பினாலும் கண் சட்டென்று பிடிக்காது. கொம்பும் காலும் இடம் மாறியிருப்பதை வைத்துத்தான் பிழை புலப்படும்.

கார்பன் தாள் வேண்டாம். அதன் மை கையில் ஒட்டி முன்பக்கத்துக்கு வரும். கணினியில் அச்சிட்ட எழுத்தை மேலே வைத்து இரண்டு தாளையும் சேர்த்து வெட்டுவதானால், ஓரங்களில் மட்டும் ஸ்டேப்பிள் செய்யுங்கள். மாஸ்கிங் டேப் எழுத்துப் பகுதியில் படக் கூடாது. அதன் ஒட்டும் வலுவைக் குறைக்க, முதலில் துணியில் இரண்டு முறை ஒட்டி எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கையால் செய்த காகிதம் பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் எழுத்து வெட்டினால் பஞ்சு பிரிந்ததுபோல் ஆகிறது. அந்தத் தாளில் எழுத்து வெட்டவே முடியாதா?

பதில்: முடியும். அந்தத் தாளின் இயல்புக்கு நாம் இறங்கிவர வேண்டும். ஆலைத் தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரு திசையில் ஓடும். கைத்தாளில் நீள இழைகள் எல்லாத் திசையிலும் கிடக்கும், மேற்பூச்சும் குறைவு. கத்தி எந்தப் பக்கம் போனாலும் குறுக்கே ஓர் இழை மாட்டும்.

தாளுக்கு முதலில் கஞ்சி போடுங்கள். 200 மி.லி. தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சோளமாவைக் கரைத்துக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். அகலத் தூரிகையால் பின்பக்கம் மெல்லியதாகப் பூசி, முழுக்கக் காயவிட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். இழைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், வெட்டு சுத்தமாகும். பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய வேலையானால் கஞ்சி வேண்டாம், பூச்சி வரும். 100 மி.லி. தண்ணீரில் 1 முதல் 2 கிராம் மெத்தில் செல்லுலோஸ் என்ற பசைத்தூளைக் கரைத்துப் பூசலாம். நிறம் ஓடுகிறதா என்று ஓரத்துண்டில் பார்த்த பிறகே முழுத்தாளில் கை வையுங்கள்.

எழுத்தின் கோட்டு அகலம் 5 மி.மீ.க்குக் குறையாமலும், வளைவுகள் தாராளமாகவும் இருக்கட்டும். பூவிதழ், புல் பதிந்த தாளில், அந்தப் பதிவுகள் பாலத்தின் மேலோ காகித நாக்கின் மேலோ வராமல் எழுத்தை நகர்த்தி வையுங்கள். அங்கே கத்தி வழுக்கும்.

இன்னொரு வழி, வெட்டாமல் கிழிப்பது. எழுத்தின் வெளிக்கோட்டில் ஈரத் தூரிகையை இரண்டு மூன்று முறை ஓட்டி, நீர் ஊறியதும் இருபுறமும் மெல்ல இழுத்தால், கோட்டின் மேலேயே தாள் பிரியும். இழைகள் நீண்டு நிற்கும் மென்மையான விளிம்பு கிடைக்கும். இந்த முறையில் 70 மி.மீ.க்குக் குறைந்த எழுத்து சரிவராது. ட, ப, ய, ர போன்ற எளிய வடிவங்களில் தொடங்குங்கள். கைத்தாளின் அழகு இந்த விளிம்பில்தான் வெளிப்படும் என்பது எங்கள் கருத்து. கத்தி போட்ட கைத்தாளுக்கும் சாதாரண அட்டைக்கும் இரண்டடி தள்ளி நின்றால் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

கேள்வி: ஒட்டியதும் தாள் அலையலையாக எழும்புகிறது. எழுத்தைச் சுற்றிப் பசை பளபளக்கிறது.

பதில்: வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. நீர் பட்டால் தாள் விரியும். இழை ஓடும் திசைக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். மேல்தாளின் இழையும் அடித்தாளின் இழையும் வெவ்வேறு திசையில் இருந்தால் இரண்டும் வெவ்வேறு பக்கம் இழுத்துக்கொள்ளும், அலை எழும். இழைத் திசையை அறிய, 5 செ.மீ. சதுரத் துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். அது குழாயாகச் சுருளும். குழாய் நீளும் திசையே இழைத் திசை. இரண்டு தாளையும் அதே திசையில் வைத்து ஒட்டுங்கள்.

பசையை எழுத்தின் மேல் பூசுவதால்தான் ஓரத்தில் வழிகிறது. வழவழப்பான பிளாஸ்டிக் தாளிலோ கண்ணாடியிலோ பசையைத் தூரிகையால் ஒரு மெல்லிய படலமாகப் பரப்பி, எழுத்தின் பின்பக்கத்தை அதில் வைத்து லேசாக அழுத்தி, இடுக்கியால் எடுங்கள். ஒட்டத் தேவையான அளவு மட்டும் அதில் ஒட்டியிருக்கும். வைத்ததும் மேலே மெழுகுத்தாள் போட்டுப் புத்தக எடை வைத்து ஓர் இரவு விடுங்கள். மெல்லிய கோட்டு எழுத்துகளுக்கு இதைவிட நல்லது, வெட்டுமுன்பே தாளின் பின்பக்கம் முழுவதும் இருபக்க ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு இரண்டையும் சேர்த்து வெட்டுவது. தண்ணீரே கிடையாது, அலையும் கிடையாது. ஆனால் வைத்தால் வைத்ததுதான், நகர்த்த முடியாது.

கேள்வி: எழுத்துகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து 5 மி.மீ. சரியாக அளந்துதான் ஒட்டினேன். ‘பட்டம்’ என்ற சொல் பட், ட, ம் என்று மூன்றாகப் பிரிந்ததுபோல் தெரிகிறது.

பதில்: அளவை ஸ்கேலில் பார்க்காமல், இரண்டு எழுத்துக்கு நடுவே கிடக்கும் வெற்றுப் பரப்பில் பாருங்கள். ட-வின் வலப்பக்கம் மேலே முழுக்கத் திறந்தது. அதற்கும் அடுத்த எழுத்துக்கும் அடியில் 5 மி.மீ. விட்டால் மேலே பெரிய வெற்றிடம் விழும். ப, ம இரண்டும் பக்கவாட்டில் நிமிர்ந்த கோடுகள் கொண்டவை. அவை அடுத்தடுத்து வரும்போதுதான் முழு 5 மி.மீ. தேவை. ட-வுக்குப் பின் 2 மி.மீ. போதும்.

எல்லாத் துண்டுகளையும் பசையில்லாமல் ஒரு பென்சில் கோட்டின் மேல் அடுக்குங்கள். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். படிக்க முடியாதபோது கண் வடிவத்தையும் வெற்றிடத்தையும் மட்டுமே பார்க்கும். எங்கே நெருக்கம், எங்கே ஓட்டை என்பது உடனே தெரியும். சரியானதும் மேலே ஒரு நீள டேப்பை ஒட்டி மொத்தச் சொல்லையும் தூக்கி, அகலத்தை அளந்து, அட்டையின் நடுவில் வைத்து ஒட்டுங்கள். எழுத்துகளின் எண்ணிக்கையை வைத்து நடுவைக் கணக்கிட்டால் தமிழில் ஒருபோதும் நடுவில் வராது. ண-வும் ர-வும் ஒரே அகலமா என்ன?

கேள்வி: கட்டிங் மெஷினில் ‘கொடி’ என்று கொடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி வருகின்றன. எழுத்துக்குள்ளேயே தேவையில்லாத வெட்டும் விழுகிறது.

பதில்: முதல் சிக்கல், மெஷினோடு வரும் மென்பொருள் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கத் தெரியாதது. தமிழைச் சரியாகக் காட்டும் இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளில் தட்டச்சு செய்து, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து எழுத்தை வெறும் கோட்டுருவமாக்கி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்துக் கொண்டுபோங்கள். அதன் பிறகு மெஷினுக்கு அது எழுத்தே கிடையாது, படம்தான்.

இரண்டாவது, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோட்டுருவங்கள். எழுத்துகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் வெளிக்கோடு மற்றொன்றுக்குள் புகுந்துவிடும். மெஷின் அதையும் வெட்டும். அன்குரூப் செய்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘யூனியன்’ கொடுங்கள். வெட்டுவதற்கு முன் நிரப்பு நிறத்தை எடுத்துவிட்டு வெறும் கோட்டை மட்டும் பார்த்தால் மிச்சம் மீதி தெரிந்துவிடும்.

எழுத்துருவில் பருமனானதைத் தேர்ந்தெடுங்கள். பாலூ தம்பி தடித்த, முனை உருண்ட எழுத்துரு. வெட்டுக்கு மிகவும் தோது. நோட்டோ சான்ஸ் தமிழில் பல தடிமன்கள் உண்டு, அதில் போல்டுக்குக் கீழே போக வேண்டாம். இரண்டுமே திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை. வெட்டி முடிந்ததும் தாளை மேட்டிலிருந்து உரிக்காதீர்கள், சுருண்டுவிடும். மேட்டைக் கவிழ்த்துப் போட்டு, மேட்டை வளைத்துத் தாளிலிருந்து உரியுங்கள்.

கேள்வி: அட்டையைத் திறந்தால் எழுத்து நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒரே தாளில் செய்ய முடியுமா? புள்ளி எப்படி நிற்கும்?

பதில்: முடியும். எழுத்துயரம் 40 மி.மீ., சுவரிலிருந்து (திறந்த அட்டையில் நிமிர்ந்து நிற்கும் பின்பக்கம்) முன்தள்ளல் 15 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தாளின் நடுமடிப்பைப் பூஜ்யமாகக் கொண்டால், கீழே 15 மி.மீ.யில் ஒரு பள்ள மடிப்பு (உள்வாங்கும் மடிப்பு). இது எழுத்தின் அடி. மேலே 25 மி.மீ.யில் ஒரு மேட்டு மடிப்பு (வெளியே துருத்தும் மடிப்பு). இது எழுத்தின் தலை. மேலே 40 மி.மீ.யில் மீண்டும் பள்ள மடிப்பு. இது சுவரோடு சேரும் இடம். எழுத்துப் பகுதியில் நடுமடிப்பை மடிக்கக் கூடாது. அட்டையை மூடும்போது எழுத்தின் தலை நடுமடிப்பிலிருந்து 55 மி.மீ. தூரத்துக்கு வரும். ஒவ்வொரு பக்கமும் அதைவிட நீளமாக இல்லாவிட்டால் மூடிய அட்டைக்கு வெளியே மூக்கு நீட்டும்.

எழுத்து அடியிலும் தலையிலும் குறைந்தது 4 மி.மீ. அகலத்துக்கு மடிப்பைத் தொட வேண்டும். ப, ட, ம, ய போன்றவை அடியில் நன்றாக உட்காரும். ஆனால் ட-வின் இடக்கோடு மட்டுமே தலையைத் தொடும், அதைத் தடிப்பாக்குங்கள். ழ, று போல அடிக்கோட்டுக்குக் கீழே வால் உள்ளவற்றில், வாலைத் தரையில் படுத்திருக்கும்படி விடலாம், அல்லது அந்தச் சொல்லையே தவிர்க்கலாம். தொடக்கத்தில் தவிர்ப்பதே நல்லது.

புள்ளிக்கு ஒரு தந்திரம் உண்டு. தலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள 15 மி.மீ. பட்டையில், 8 மி.மீ. வட்டத்தைச் சுற்றி வெட்டுங்கள். தலைமடிப்பைத் தொடும் இடத்தில் 3 மி.மீ. கழுத்தை மட்டும் வெட்டாமல் விடுங்கள். தலைமடிப்பை மடிக்கும்போது அந்தக் கழுத்தில் மட்டும் மடிப்பு விழக் கூடாது. இருபுறமும் பட்டை பின்னால் மடங்க, புள்ளி எழுத்தோடு சேர்ந்து நிமிர்ந்து நிற்கும்.

தாள் 160 முதல் 220 ஜி.எஸ்.எம். வரை. இழைத் திசை மடிப்புக்கு இணையாக இருக்கட்டும். குறுக்கே இருந்தால் மடிப்பில் தாள் வெடிக்கும். எல்லா மடிப்புக்கும் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து முதலில் தடம் போடுங்கள். வெட்டுக்கு முன்பே தடம் போட்டுவிட வேண்டும். வெட்டிய பிறகு பேனா அழுத்தத்தில் எழுத்துகள் நசுங்கும்.

கேள்வி: எல்லாம் முடிந்து கடைசிப் பாலம் அறுந்துவிட்டது. முழுவதையும் திரும்ப வெட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். டிரேசிங் தாளிலோ மெல்லிய டிஷ்யூவிலோ பாலத்தைவிட ஒரு மி.மீ. குறுகலான, 8 மி.மீ. நீளமுள்ள பட்டை வெட்டி, பின்பக்கம் பசை தொட்டு ஒட்டுங்கள். முன்பக்கம் அறுந்த இரு முனையும் முட்டும்படி ஊசியால் நகர்த்தி, மெழுகுத்தாளுக்கு நடுவில் வைத்து அரைமணி நேரம் எடை வையுங்கள். பின்தாள் ஒட்டப்போகிற வேலையென்றால் அதுவும் தேவையில்லை. தீவையும் அறுந்த முனைகளையும் நேராகப் பின்தாளில் ஒட்டிவிட்டால் இணைப்பு தெரியாது. செல்லோ டேப் மட்டும் போடாதீர்கள். நாளடைவில் மஞ்சளாகி, அந்த நிறம் தாளின் வழியே முன்பக்கம் வந்துவிடும்.